விளக்கெரியும் ஜினாலயங்கள்: புழற்கோட்டம் முதல் திருமலை வரை

அம்பத்தூரில் புறநகர் மின்தொடர் வண்டியில் ஏறி ஆவடிக்குச் செல்வோர் வழியில் திருமுல்லைவாயில் நிலையத்தைக் கடந்து செல்கின்றனர். அவ்வூரின் மாசிலாமணீசுவரர் கோயில் சைவப் பெருமக்கள் போற்றும் பாடல் பெற்ற தலம். அங்கே கருவறைக்கு முன்னே இரண்டு வெள்ளெருக்கந் தூண்கள் நிற்கின்றன. நந்தி வழக்கம்போல இறைவனை நோக்கி அமராமல், இறைவன் பார்க்கும் திசையையே பார்த்து, போருக்குப் புறப்படும் நிலையில் அமர்ந்திருக்கிறது. அந்தத் தூண்கள் எங்கிருந்து வந்தன, அந்த நந்தி யாரோடு போரிடப் புறப்பட்டது என்று கேட்டால், தலவரலாறு கூறும் விடை புழலில் போய் முடிகிறது. புழலில் கோட்டை கட்டி ஆண்ட குறும்பர்களைத் தொண்டைமான் வென்று, அவர்களுடைய கோட்டையிலிருந்து கொணர்ந்த தூண்கள் அவை என்பது அவ்விடை. அந்தக் குறும்பர்கள் சமணம் தழுவியவர்கள் என்பது பழைய சுவடிகள் தரும் செய்தி. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கடந்து செல்லும் ரயில் பாதையின் அருகிலேயே, தமிழ்ச் சமணத்தின் பழைய நினைவொன்று சைவக் கோயிலுக்குள் இரண்டு தூண்களாக நின்றுகொண்டிருக்கிறது.

மேற்குப் புறநகர்களில் வாழும் தமிழ்ச் சமணக் குடும்பங்களுள் பெரும்பாலானவை வந்தவாசி, ஆரணி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களிலிருந்து வந்தவை. 1949இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. 1964இல் தொழிற்பேட்டை உருவாயிற்று. ஆவடியில் பீரங்கி வண்டித் தொழிற்சாலை எழுந்தது. நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் இளைஞர்கள் இயந்திரப் பணிக்கும் அலுவலகப் பணிக்கும் வந்து, வாடகை வீட்டில் தங்கி, பின்னர் மனை வாங்கிக் குடியமர்ந்தனர். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறையில் எல்லோராவுக்கும் ஹம்பிக்கும் செல்கின்றனர். வசதி வாய்த்தோர் கம்போடியாவின் அங்கோர் வாட்டையும் உரோமாபுரியின் கொலோசியத்தையும் கண்டு வருகின்றனர். காண வேண்டிய இடங்களே அவை. ஆயினும் அவ்விடங்களின் வரலாற்றைப் புழலின் வரலாற்றோடும் ஜினகாஞ்சியின் வரலாற்றோடும் சேர்த்துப் படிக்கும்போதுதான், ஓர் இடம் எதனால் நிலைக்கிறது, எதனால் அழிகிறது என்பது தெளிவாகும்.

புழல் என்றதும் இன்று ஏரியும் சிறைச்சாலையுமே நினைவுக்கு வருகின்றன. தொண்டை மண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்களுள் ஒன்றுக்குத் தலைமையிடமாக இருந்த ஊர் அது. புழற்கோட்டம் என்னும் பெயர் சோழர் காலக் கல்வெட்டுகளில் பரவலாகக் காணப்படுகிறது. இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராக இருந்த காலின் மெக்கன்சி, 1821இல் மறையும் வரை தம் உதவியாளர்களைக் கொண்டு தென்னாட்டு ஊர்களின் வரலாற்றுச் செய்திகளைத் திரட்டினார். அச்சுவடிகளின் ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது. குறும்பர்களைப் பற்றிய செய்தி அத்திரட்டில் இடம்பெற்றது. சமணத் துறவி ஒருவர் குறும்பரிடையே வந்து அறம் உரைத்தார்; அவர்கள் அதனை ஏற்றுப் புழலில் ஒரு பசதி எழுப்பினர்; பின்னர் ஆதொண்டைச் சோழன் படையெடுத்து வந்தான்; முதலில் தோற்றுப் பின்வாங்கியவன், திருமுல்லைவாயிலில் இறையருள் பெற்றுத் திரும்பி வந்து கோட்டையைக் கைப்பற்றினான். சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராக இருந்த குஸ்தாவ் ஒப்பர்ட், 1893இல் வெளியான தம் நூலில் இந்தச் செய்தியை விரிவாக எடுத்து ஆராய்ந்தார்.

இதனை அப்படியே வரலாறாகக் கொள்ள இயலாது. சுந்தரர் திருமுல்லைவாயிலைப் பாடிய பதிகத்தில் தொண்டைமானின் யானையும் அதன் காலைச் சுற்றிய முல்லைக்கொடியும் குறிப்பிடப்படுகின்றன. சுந்தரரின் காலம் 8ஆம் நூற்றாண்டையொட்டியது. சுவடிகள் கூறும் ஆதொண்டையோ குலோத்துங்க சோழனின் மகன். குலோத்துங்கன் அரியணை ஏறியது 1070இல். தந்தை பிறப்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே மகனைப் பற்றிய பாடல் எழுந்திருக்க முடியாது. யானையும் முல்லைக்கொடியும் பற்றிய அப்பாடலில் குறும்பர் என்னும் பெயரும் இல்லை. ஆகவே பழைய தலக்கதையொன்றும், புழலில் சமணர் செல்வாக்கோடு இருந்த நினைவொன்றும் பிற்காலத்தில் ஒன்றாக இணைந்தன எனக் கொள்வதே பொருந்தும். வெள்ளெருக்கு தூணாகும் அளவுக்குப் பருத்து வளர்வதும் அரிது; அதனாலேயே அத்தூண்கள் வியப்புக்குரியவையாகப் போற்றப்பட்டன.

கதையின் நாள்கணக்கு பிசகினாலும் அதனுள் இருக்கும் நினைவு பொய்யன்று. புழலில் ஆதிநாதர் ஆலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. மண்கோட்டை கரைந்து போயிற்று. குறும்பரின் வழியினர் என்று அவ்வாலயத்தில் உரிமை பேச எவரும் இல்லை. ஆயினும் ஆதிபகவானின் திருவுருவத்துக்கு வழிபாடு நடக்கிறது. வடநாட்டிலிருந்து சென்னையில் குடியேறிய சுவேதாம்பர ஜைனர்கள் அதனைத் திருப்பணி செய்து பேணி வருகின்றனர். மரபால் வேறுபட்டவர்களாயினும் அவர்கள் ஏற்றிய விளக்கினாலேயே புழல் இன்று தீர்த்தத்தலமாக அறியப்படுகிறது. ஆவடியிலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ அரைநாளில் சென்று திரும்பக்கூடிய அந்த இடத்தை ஒருமுறையேனும் காணாத தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பல உள்ளன என்பது சற்று வருந்தத்தக்கது.

ஒரு கட்டடத்தின் தூண் வேறொரு கட்டடத்துக்குச் செல்வது உலகெங்கும் நிகழ்ந்த ஒன்று. உரோமாபுரியின் கொலோசியம் கி.பி. 80இல் திறக்கப்பட்ட பேரரங்கு. பேரரசு வீழ்ந்த பின் அதற்கு உரியவர் எவரும் இல்லாமற் போயினர். 1349ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் அதன் ஒரு பக்கம் சரிந்தது. சரிந்த கற்களை உரோமச் செல்வர்கள் தங்கள் மாளிகைகளுக்கும் தேவாலயங்களுக்கும் எடுத்துச் சென்றனர். நூற்றாண்டுகள் பல அது கல்வெட்டிக் குழியாகவே பயன்பட்டது. 1749இல் போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்ட் அதனைக் கிறித்தவத் தியாகிகளுக்குரிய புனித இடமாக அறிவித்த பின்னரே கல்லெடுப்பு நின்றது. இன்று உலகமே கண்டு வியக்கும் அந்தக் கட்டடத்தை முதலில் காத்தது தொல்லியல் துறையும் அன்று, சுற்றுலாவும் அன்று. அங்கே ஒரு சிலுவையை நட்டு, சிலர் வழிபடத் தொடங்கியதே அதனைக் காத்தது.

இதே செய்தியை இன்னும் துலக்கமாகக் காட்டும் இரண்டு ஜினாலயங்கள் உள்ளன. இரண்டையும் எழுப்பியவர் ஒருவரே. இரண்டுக்கும் செல்லும் வழியும் பூந்தமல்லியிலிருந்து மேற்கே புறப்படும் ஒரே நெடுஞ்சாலைதான். திருப்பெரும்புதூரைக் கடந்து இடப்பக்கம் பிரிந்தால் காஞ்சிபுரம். பிரியாமல் நேரே சென்று, பெங்களூரையும் சித்திரதுர்க்கத்தையும் கடந்து ஹொசபேட்டையை அடைந்தால் ஹம்பி. முதலாவது ஒன்றரை மணி நேரப் பயணம். இரண்டாவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும்.

காஞ்சி மாநகரின் தென்மேற்கே வேகவதி ஆற்றங்கரையில் அமைந்த திருப்பருத்திக்குன்றம் ஜினகாஞ்சி எனப்படுகிறது. பல்லவ அரசன் சிம்மவர்மன் காலத்துப் பள்ளன்கோயில் செப்பேடு, பருத்திக்குன்றில் இருந்த வச்சிரநந்திக் குரவருக்கு அமண்சேர்க்கை என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. மாமல்லபுரத்துக் கற்றளிகள் குடையப்படுவதற்கு முன்பே இந்தச் சிற்றூரில் அருகனுக்கு விளக்கெரிந்தது என்பது இதன் பொருள். பல்லவர் பாணியில் அமைந்த சந்திரப்பிரபர் கோயில் ஒரு பக்கமும், வர்த்தமானர் எழுந்தருளியிருக்கும் திரைலோக்கியநாதர் கோயில் மறுபக்கமும் உள்ளன. குலோத்துங்கன், விக்கிரம சோழன் ஆகியோர் காலக் கல்வெட்டுகளும், பின்னர் விஜயநகரக் கிருஷ்ணதேவராயர் காலக் கல்வெட்டும் இங்கே இருக்கின்றன. அரச மரபுகள் மாறிக்கொண்டே இருந்தபோதும் கொடை நிற்கவில்லை.

விஜயநகர அரசர் இரண்டாம் ஹரிஹரரின் அமைச்சரும் தண்டநாயகருமான இருகப்பர் அத்தகைய கொடையாளர்களுள் முதன்மையானவர். தண்டநாயகர் பைசப்பரின் மைந்தர். வாளேந்திய கையாலேயே எழுத்தாணியும் பிடித்தவர். 'நானார்த்த ரத்னமாலை' என்னும் வடமொழி நிகண்டு அவர் இயற்றியது. 1382இல் அவர் மகேந்திரமங்கலம் என்னும் ஊரை வர்த்தமானர் கோயிலுக்கு அளித்தார். அதற்கு ஐந்தாண்டுகள் கழித்து, 1387-88இல், தம் ஆசிரியர் புஷ்பசேனரின் பணிப்பின்படி கோயிலின் முன்னே பெரிய மண்டபம் ஒன்றை எழுப்பினார். சங்கீத மண்டபம் என்று அது வழங்கப்படுகிறது. அதன் தூண் ஒன்றில் கைகூப்பி நிற்கும் உருவம் இருகப்பருடையது என்று கருதப்படுகிறது.

அந்த மண்டபத்தின் விதானத்தை அண்ணாந்து பார்ப்பவர் கழுத்து வலிப்பதையும் மறந்து நிற்பர். ஆதிநாதரின் வரலாறும், வர்த்தமானரின் வரலாறும், நேமிநாதரின் வரலாற்றோடு சேர்ந்த கண்ணனின் இளமைப் பருவமும் வரிசை வரிசையாக ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் விளக்கம் எழுதப்பட்டிருந்தது. சமவசரணம் வட்ட வடிவில் விரிகிறது. பிறந்த குழந்தையாகிய தீர்த்தங்கரரை இந்திரன் மேருமலைக்கு எடுத்துச் சென்று நீராட்டும் காட்சி, வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்ட கதையைக் கண்முன்னே கொண்டுவருகிறது. இவை அனைத்தும் இருகப்பர் காலத்தவை அல்ல. பின்வந்த நூற்றாண்டுகளில் புதிதாகவும், மங்கியவற்றின் மேல் மீண்டும் தீட்டியும் பேணப்பட்டவை. தீட்டியோர் பெயரும் தீட்டச் சொன்னோர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. டி.என். ராமச்சந்திரன் 1934இல் இக்கோயில்களைப் பற்றி எழுதிய ஆங்கில நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் வெளியிட்ட பின்னரே இவை உலக அறிஞர்களின் கவனத்துக்கு வந்தன. ஊராருக்கு அவை அதற்கு முன்பும் தெரிந்தே இருந்தன என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

கோயிலின் குரா மரத்தையும் காணாமல் திரும்பலாகாது. ஆசாரியர்கள் தவம் செய்த இடமென்று அதனடி போற்றப்படுகிறது. தன்னளவில் குறையாமலும் மிகாமலும் நின்று அரசனின் செங்கோலைக் காட்டுவது என அம்மரத்தைப் புகழும் பாடல் ஒன்று கல்லில் வெட்டப்பட்டுள்ளது. மரத்துக்குக் கல்வெட்டு அமைத்த ஊர்கள் மிகச் சில.

ஜினகாஞ்சியின் மண்டபத்துக்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1385-86இல், இதே இருகப்பர் தலைநகராகிய விஜயநகரத்திலும் ஒரு ஜினாலயம் கட்டினார். பதினேழாம் தீர்த்தங்கரராகிய குந்துநாதருக்குரிய அச்சைத்தியாலயத்தின் முன் உயர்ந்த கற்கம்பம் ஒன்று நிற்கிறது. அதில் உள்ள வடமொழிக் கல்வெட்டு, தம் குரு பரம்பரையைச் சிம்மநந்தி ஆசாரியர் வரை சொல்லி, இருகப்பர் இக்கோயிலைக் கட்டிய செய்தியைத் தெரிவிக்கிறது. தலைநகரின் நடுவே ஒரு சமண அமைச்சர் ஜினாலயம் எழுப்ப முடிந்ததற்குப் பின்னணி உண்டு. 1368இல் சமணர்களுக்கும் வைணவர்களுக்கும் பூசல் எழுந்து, முறையீடு முதலாம் புக்கரிடம் சென்றது. இரண்டு சமயங்களுக்கும் வேறுபாடு இல்லை என்று கூறிய அரசர், சமணர்களின் கையைப் பிடித்து வைணவர்களின் கையில் ஒப்படைத்தார் என்றும், சமணருக்கு நேரும் இழப்பை வைணவர் தமக்கு நேர்ந்ததாகவே கருதவேண்டும் என்று ஆணையிட்டார் என்றும் சரவணபெளகொளக் கல்வெட்டு கூறுகிறது. அந்த ஆணைக்குப் பின் இருபதாண்டுகளுக்குள் எழுந்தவை இருகப்பரின் இரண்டு பணிகளும்.

இன்று ஹம்பியிலுள்ள குந்துநாதர் கோயிலை எவரும் அப்பெயரால் கேட்பதில்லை. கமலாபுரத்தின் அருகே சாலையோரத்தில் நிற்கும் அதற்கு 'கானகித்தி' கோயில் என்று பெயர். கன்னடத்தில் எண்ணெய்க்காரி கோயில் என்று பொருள். 1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் தோற்றபின் தலைநகரம் சூறையாடப்பட்டது, மக்கள் வெளியேறினர், வழிபடுவோர் இல்லாத கோயிலுக்குப் பின்னால் வந்த ஊரார் தமக்குத் தோன்றிய பெயரை வைத்தனர். படிப்படியாக உயரும் விமானம் இருக்கிறது. தூண்கள் இருக்கின்றன. கற்கம்பத்தில் இருகப்பரின் எழுத்துகள் படிக்கும் நிலையில் இருக்கின்றன. கருவறையில் குந்துநாதர் இல்லை. ஹம்பியின் நினைவுச்சின்னத் தொகுதி 1986இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. மத்தியத் தொல்லியல் துறை அதனைச் செவ்வனே காத்து வருகிறது. உலகின் நாற்புறத்திலிருந்தும் வரும் பயணிகள் அக்கோயிலின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர்.

ஜினகாஞ்சி உலகப் பாரம்பரியப் பட்டியலில் இல்லை. காஞ்சிக்குப் பட்டெடுக்க வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர் கூட அங்கே செல்வதில்லை. ஆனால் அங்கே காலையில் கதவு திறக்கிறது, வர்த்தமானருக்கு அபிஷேகம் நடக்கிறது, விளக்கு ஏற்றப்படுகிறது. ஒரே கொடையாளர் சில ஆண்டு இடைவெளியில் செய்த இரண்டு பணிகளுள், தலைநகரில் பேரரசின் நிழலில் நின்றது வெறுமையாயிற்று. ஆற்றங்கரைச் சிற்றூரில் சில குடும்பங்களின் பொறுப்பில் விடப்பட்டது உயிரோடு இருக்கிறது. ஹம்பியிலேயே விரூபாட்சர் கோயில் இன்றளவும் வழிபாட்டில் இருப்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஊர் அழிந்த பின்னும் அங்கே அடியார்கள் வந்துகொண்டே இருந்தனர்.

கம்போடியாவின் அங்கோர் வாட் பற்றி ஒரு தவறான செய்தி நெடுங்காலம் நிலவியது. காட்டுக்குள் மறைந்து கிடந்த அக்கோயிலை 1860இல் பிரெஞ்சுப் பயணி ஆன்ரி முஓ கண்டுபிடித்தார் என்று பள்ளி நூல்களும் எழுதின. உண்மையில் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் கட்டிய அக்கோயில் பௌத்தத் தலமாக மாறி, பிக்குகள் வாழும் இடமாகவே தொடர்ந்து இருந்தது. சுற்றியிருந்த பல கோயில்களை மரங்களின் வேர்கள் பிளந்தபோது அங்கோர் வாட் அந்த நிலையை அடையாமைக்கு அப்பிக்குகளின் இருப்பும் ஒரு காரணம். பெரு நாட்டின் மாச்சு பிச்சுவுக்கும் 1911இல் ஹைரம் பிங்கம் சென்றபோது, அங்கே சில உழவர் குடும்பங்கள் பழைய படிக்கட்டு வயல்களில் பயிரிட்டு வாழ்ந்தன. வந்து கண்டவரின் பெயர் வரலாற்றில் ஏறுகிறது. இருந்து காத்தவரின் பெயர் பெரும்பாலும் ஏறுவதில்லை.

காத்தவரின் பெயர் ஏறிய அரிய இடம் ஒன்று தமிழ்நாட்டிலேயே உள்ளது. காஞ்சியிலிருந்து செய்யாறு, ஆரணி வழியாகத் தெற்கே சென்றால் போளூருக்கு அருகில் திருமலை வரும். பாறையில் செதுக்கப்பட்ட நேமிநாதர் அங்கே ஏறத்தாழ பதினாறு அடி உயரத்தில் நிற்கிறார். தமிழகத்துத் தீர்த்தங்கரர் திருவுருவங்களுள் மிக உயரமானது என்று போற்றப்படும் அவருக்குச் சிகாமணிநாதர் என்பது வழக்குப் பெயர். ராஜராஜ சோழனின் தமக்கை குந்தவைப் பிராட்டியாரின் பெயரால் அமைந்த குந்தவை ஜினாலயம் குன்றின் அடிவாரத்தில் உள்ளது. குகையில் பழைய ஓவியங்களும் இருக்கின்றன. ராஜராஜனின் இருபத்தோராம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு, குணவீர மாமுனிவர் தம் ஆசிரியர் கணிசேகர மருபொற்சூரியர் பெயரால் கலிங்கு ஒன்று கட்டியதைச் சொல்கிறது. ஏரியின் மிகைநீர் வழிய வேண்டிய இடத்தில் கலிங்கு அமைப்பதும் அறமே என்று கருதிய துறவியர் வாழ்ந்த மலை அது.

இம்மலையின் பாறையொன்றில் முதலாம் ராஜேந்திர சோழனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கங்கை வரை அவன் படை சென்று வென்ற நாடுகளை அதன் மெய்க்கீர்த்தி வரிசையாகக் கூறுகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஷ் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் இதனை வெளியிட்டார். அன்று முதல் சோழர் வரலாறு எழுதும் எவரும், அவர் வங்காளத்தில் இருந்தாலும் இலண்டனில் இருந்தாலும், திருமலைக் கல்வெட்டைத் தொடாமல் எழுத முடிவதில்லை. ஆனால் கங்கை வெற்றியைச் சொல்வதற்காக அக்கல்வெட்டு வெட்டப்படவில்லை. பெரும்பாணப்பாடிக் கரைவழி மல்லியூரில் வாழ்ந்த வணிகர் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, திருமலைத் தேவர்க்கு நந்தா விளக்கு ஒன்றினுக்கு 20 காசும், திருவமுதுக்கு 10 காசும் வைத்தார். அந்தக் கொடையைப் பதிவு செய்யத்தான் பாறை செதுக்கப்பட்டது. அக்கால வழக்கப்படி அரசனின் மெய்க்கீர்த்தி முன்னே வந்தது. சாமுண்டப்பையின் பெயர் கடைசியில் வந்தது. பேரரசனின் படையெடுப்பை ஆயிரம் ஆண்டுகள் கடத்திக் கொண்டுவந்து தந்தது ஒரு சிராவகியின் விளக்கு.

இந்தச் செய்தி மேற்குப் புறநகர்க் குடும்பங்களுக்கு வெறும் பெருமைக்குரிய கதையாக நின்றுவிடுவதில்லை. பூர்விக ஊர்களில் ஜினாலயங்கள் இருக்கின்றன. வழிபட வேண்டிய குடும்பங்கள் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இருக்கின்றன. பல ஊர்களில் வார நாள்களில் உபாத்தியாயர் ஒருவரே கதவைத் திறந்து, அபிஷேகம் செய்து, விளக்கேற்றிவிட்டுச் செல்கிறார். ஊரில் எஞ்சியிருக்கும் முதியவர்கள் இரண்டு மூன்று பேர் தரிசித்துத் திரும்புகின்றனர். ஆண்டுத் திருவிழாவின்போது மட்டும் சென்னையிலிருந்து வேன்கள் வந்து நிற்கின்றன. விஜயநகரத்தின் குந்துநாதருக்கு ஒரே நாளில் நேர்ந்தது, இச்சிற்றூர்களில் சிறிது சிறிதாக நேரக்கூடும்.

ஊரை விட்டு வந்தவர்கள் ஊர்க்கோயிலை மறந்தார்கள் என்று சொல்வது நேர்மையாகாது. சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் திருப்பணிக்கு நிதி தந்தவர்கள் அவர்களே. பல ஜினாலயங்களின் விமானங்கள் இடிந்து விழாமல் நிற்பது அந்தப் பணத்தால்தான். ஆனால் திருப்பணி என்னும் பெயராலேயே வேறொரு இழப்பும் நேர்கிறது. பழைய கருங்கல் தளத்தின் மேல் வழவழப்பான ஓடு பதிக்கப்படுகிறது. புடைப்புச் சிற்பங்களின் மேல் எண்ணெய் வண்ணம் பூசப்படுகிறது. மங்கிய ஓவியச் சுவரின் மேல் சுண்ணாம்பு ஏறுகிறது. தூண்களைப் பளிச்செனக் காட்டுவதற்காக மணல் வீச்சு முறையைக் கையாண்டதில் தமிழகக் கோயில்கள் பலவற்றில் கல்வெட்டெழுத்துகள் மழுங்கிப் போயின. கொடுப்பவர் நல்லெண்ணத்தோடு கொடுக்கிறார். செய்பவர் அழகாக இருக்கட்டும் என்று செய்கிறார். மறைந்து போவது என்னவென்று இருவருக்கும் தெரிவதில்லை. பணி தொடங்கும் முன் தளத்தையும் சுவரையும் படமெடுத்து, எழுத்துள்ள கல் எதுவெனக் கல்வெட்டறிந்தவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்குவதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

பூந்தமல்லியில் விடியற்காலையில் புறப்படும் குடும்பம் ஜினகாஞ்சியில் காலை அபிஷேகத்தைக் கண்டு, விதான ஓவியங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டி, மதியத்துக்குள் திருமலையை அடைந்துவிடலாம். வெயில் தாழ்ந்தபின் குன்றேறினால், மேலிருந்து பார்க்கும்போது சுற்றியுள்ள வயல்களும் ஏரிகளும் பனைவரிசைகளும் தொலைவில் ஜவ்வாது மலைத் தொடரும் தெரியும். ஏறும் வழியில் காலடியிலுள்ள கற்களையும் பார்த்து ஏறுவது நல்லது. ஹுல்ட்ஷ் பதிப்பித்த திருமலைக் கல்வெட்டுகளுள் ஒன்று கோபுரத்துக்கும் ஓவியக் குகைக்கும் இடையிலான படிகளின் கீழே புதைந்திருந்த பாறையில் இருந்தது. ராஜேந்திரனின் 12ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அதுவும் ஒரு விளக்குக் கொடையைத்தான் சொல்கிறது.